இடைவெளிக்குப் பிறகு ஏர்லைன் விமானி வேலைக்குத் திரும்புகிறீர்களா? வரிசை தப்பாமல் செய்ய வேண்டியவை

நான்கு வருடம் பறக்காமல் இருந்துவிட்டு ஏர்லைன் வேலைக்குத் திரும்பினேன். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்; பதினொரு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீணானதற்குக் காரணம், வேலைகளைத் தப்பான வரிசையில் செய்ததுதான். ஆர்வக் கோளாறில் சிமுலேட்டருக்கு (காக்பிட் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) முதலில் பணம் கட்டினேன், மெடிக்கலுக்கு (உடல்தகுதிச் சான்றுக்கான பரிசோதனை) அப்புறம் போனேன். மெடிக்கல் ஒரு பழைய அறுவைச் சிகிச்சை அறிக்கைக்காக நின்றுபோனது. அந்தத் தாள் வந்து சேர்வதற்குள் சிமுலேட்டர் தேதி போனது, கட்டிய பணத்தில் ஒரு பங்கும் போனது.

விமானியிடம் இருக்கும் தாள்களில் பெரும்பாலானவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. அத்தனையும் ஒரே நாளில் செல்லுபடியாக இருந்தால்தான் காக்பிட்டில் உட்கார முடியும். ஆகவே, முடிவு நம் கையில் இல்லாதவற்றையும் இழுத்தடிப்பவற்றையும் முதலில் தொடங்க வேண்டும். பணம் அதிகம் தின்று சீக்கிரம் காலாவதியாவதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசைதான்.

ஏற்கெனவே ஏர்லைனில் பறந்துவிட்டு ஆட்குறைப்பு, பிரசவம், உடல்நலம், வீட்டுப் பொறுப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் விலகியிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்களுக்கு இது பொருந்தாது.

1. நீங்கள் உண்மையிலேயே வெளியே இருக்கிறீர்களா என்று பாருங்கள்

வேலையிலிருந்து நீக்கினார்களா, தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்களா? இரண்டாவது என்றால் திரும்ப அழைக்கப்படும் உரிமையும் பழைய சீனியாரிட்டி எண்ணும் உங்களுக்கு இன்னும் இருக்கலாம். பழைய கம்பெனிக்கே திரும்பினால் பயிற்சிச் செலவு பொதுவாக அவர்களுடையது, உங்கள் பையிலிருந்து போகாது. அழைப்புக் கடிதத்துக்குப் பதில் சொல்ல ஒரு கெடு இருக்கும். அந்தக் கடிதம் நீங்கள் காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்கோ, மூடிவிட்ட கம்பெனி மின்னஞ்சலுக்கோ போனால் யாரும் தேடிவந்து சொல்லமாட்டார்கள். இன்றைக்கே உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் அவர்களிடம் எழுத்தில் புதுப்பியுங்கள். செலவில்லாத வேலை இது ஒன்றுதான்.

2. ஒரே தாளில் எல்லாத் தேதிகளும்

லைசென்ஸ், மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி), டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி), கடைசி ப்ரொஃபிஷியன்சி செக் (திறன் சோதனை), ஆங்கிலத் தேர்ச்சி நிலை, ரேடியோ லைசென்ஸ், பாஸ்போர்ட், கடைசியாகப் பறந்த நாள். ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக்கூடாது, அட்டையை எடுத்துப் பார்த்து எழுதுங்கள். என் ஆங்கிலத் தேர்ச்சி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் முடிந்து ஏழு மாதம். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அளவுகோலில் நான்காம் நிலைக்காரர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் ஐந்தாம் நிலைக்காரர்கள் ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் மறுதேர்வு எழுத வேண்டும். ஆறாம் நிலைக்கு மறுதேர்வு கிடையாது.

லைசென்ஸும் ரேட்டிங்கும் வேறு வேறு. ‘லைசென்ஸ் இருக்கிறது’ என்ற நிம்மதியில் பலர் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ தரும் விமானிச் சான்றிதழ் காலாவதியாவதில்லை, ஆனால் மெடிக்கலும் அண்மை அனுபவமும் இல்லாமல் அதை வைத்துப் பறக்க முடியாது. ஐரோப்பிய விதியில் டைப் ரேட்டிங்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் ஒரு வருடத்துக்குத்தான்.

டைப் ரேட்டிங் போய் எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். எவ்வளவு புத்தாக்கப் பயிற்சி தேவை என்பதைப் பயிற்சி நிறுவனம் உங்கள் அனுபவத்தைப் பார்த்து முடிவு செய்யும். ஐரோப்பாவில் புழங்கிவந்த அளவு இது: மூன்று மாதத்துக்குள் என்றால் கூடுதல் பயிற்சி தேவையில்லை, ஒரு வருடம் வரை என்றால் குறைந்தது இரண்டு செஷன் (சிமுலேட்டர் பயிற்சி அமர்வு), மூன்று வருடம் வரை மூன்று செஷன், அதற்கும் மேல் போனால் ஏறக்குறைய முழுப் படிப்பையும் முதலிலிருந்து. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் புதுப்பிக்காமல் ஏழு வருடம் தாண்டினால் எழுத்துத் தேர்வுகளையே மறுபடி எழுத வேண்டிவரும். இப்படி ஒரு கோட்டைத் தொட உங்களுக்கு இரண்டே மாதம் மிச்சம் என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

3. ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள்

உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த ஆணையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். எனக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள், இரண்டுமே தவறு. கேட்க வேண்டியவை: என் ரேட்டிங்குகளைப் புதுப்பிக்க என்ன பயிற்சி, என்ன தேர்வு? எந்தப் பயிற்சி நிறுவனம், எந்த எக்ஸாமினர் செல்லும்? சிமுலேட்டருக்கும் உங்கள் அங்கீகாரம் வேண்டுமா? படிவங்கள் எவை, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் லைசென்ஸில் ஏறும்?

எக்ஸாமினர் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு நாட்டு அங்கீகாரம் உள்ள எக்ஸாமினர் இன்னொரு நாட்டு லைசென்ஸில் கையெழுத்திட்டால் செல்லாமல் போகலாம். பிரிட்டன் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து விலகியபின், 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் லைசென்ஸ் தனி, ஐரோப்பிய லைசென்ஸ் தனி. முன்பு இரண்டுக்கும் ஒரே எக்ஸாமினரிடம் போனவர்கள் இப்போது கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் விலை மலிவாக இருக்கிறதே என்று சிமுலேட்டர் பதிவு செய்பவர்கள் மாட்டுவது இதில்தான்.

பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல் அடுத்த இரண்டு படிகளையும் தொடங்கிவிடலாம்.

4. மெடிக்கல்: இது முடியும்வரை வேறெதற்கும் பெரிய பணம் கட்டாதீர்கள்

ஏர்லைன் விமானிக்கு முதல் வகுப்பு மெடிக்கல். பெரும்பாலான நாடுகளில் ஒரு வருடம் செல்லும்; 60 வயதுக்கு மேல் ஆறு மாதம். அமெரிக்காவில் 40 வயதிலேயே ஆறு மாதமாகிவிடும். ஐரோப்பிய விதிப்படி, காலாவதியாகி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மருத்துவர் உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளையும் வாங்கிப் பார்த்தாக வேண்டும். ஐந்து வருடம் தாண்டினால் முதல்முறை போவது போன்ற முழுப் பரிசோதனை.

பரிசோதனை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன்பிறகு ‘இதற்கு ஒரு அறிக்கை கொண்டுவாருங்கள்’ என்று தொடங்கினால்தான் மாதங்கள் கரையும். இடைவெளியில் நடந்த ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும்: அறுவைச் சிகிச்சை, பிரசவம், எலும்பு முறிவு, கண்ணில் லேசர், புதிதாகத் தொடங்கிய இரத்த அழுத்த மாத்திரை, மனச்சோர்வுக்கு எடுத்த சிகிச்சை. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கை, சிகிச்சை செய்தவரின் அண்மைக் கடிதம், இப்போதைய மாத்திரைப் பட்டியல், இந்த மூன்றும் கையில் இல்லாமல் போகாதீர்கள். என் விஷயத்தில் அது ஒரு சின்ன குடலிறக்க அறுவைச் சிகிச்சை. ஆறிப்போய் வருடங்கள் ஆகிவிட்டன, தழும்புகூடத் தேடித்தான் காட்ட வேண்டும். ஆனாலும் தாள் இல்லை. மருத்துவமனை ஆவணப் பிரிவுக்கு நான்கு முறை எழுதி, அது கைக்கு வர ஒன்பது வாரம் ஆனது.

மறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றும். தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம். மருத்துவப் படிவத்தில் பொய் சொன்னது பின்னால் தெரியவந்தால் லைசென்ஸே போகும். உண்மையைச் சொல்லித் தாமதமான பலரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் இப்போது பறக்கிறார்கள். மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. குறிப்பிட்ட மருந்துகளோடு, மதிப்பீட்டுக்குப் பிறகு பறக்க அனுமதிக்கும் ஆணையங்கள் உண்டு.

இரண்டு சின்ன விஷயம். கண்ணாடி போடுபவர்கள் உதிரிக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள்; பறக்கும்போதும் அது உடன் இருக்க வேண்டும் என்பது விதி. முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள், காலையில் காப்பி குடிக்காதீர்கள். நான்கு வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரும்போது படபடப்பிலேயே இரத்த அழுத்தம் ஏறும். காப்பியும் சேர்ந்தால் இயந்திரம் காட்டும் எண் உங்களுடையதாக இருக்காது.

5. லாக்புக்கும் பழைய கடிதங்களும்

பழைய லாக்புக்கின் (பறந்த மணிகளைப் பதியும் புத்தகம்) எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். கூட்டுத்தொகைகளை மறுபடி கூட்டிப் பாருங்கள். விண்ணப்பங்கள் மொத்த மணிகளோடு நிற்பதில்லை: கேப்டனாக எத்தனை, குறிப்பிட்ட டைப்பில் எத்தனை, இரவில் எத்தனை, கடைசி 90 நாளில், ஆறு மாதத்தில், பன்னிரண்டு மாதத்தில் எத்தனை என்று கேட்கும். கடைசி மூன்றுக்கும் பதில் பூஜ்யம். பூஜ்யம் என்றே எழுதுங்கள். கூச்சப்பட்டு இடத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் தானாகவே தள்ளப்படும், அல்லது மறைக்கிறார் என்று நினைப்பார்கள்.

பழைய கம்பெனியிடம் வாங்க வேண்டியவை: பணிச் சான்று, பறந்த மணிகளின் சான்று, பயிற்சிக் கோப்பின் நகல், விபத்து இல்லை என்ற கடிதம். கம்பெனி மூடிவிட்டதென்றால் கலைப்பைக் கவனிக்கும் அலுவலரிடம் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் ஆணையத்தின் கோப்பில் உங்கள் செக் படிவங்கள் இருக்கும். இன்னும் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், விலகும் நாளிலேயே இவற்றை வாங்கிவிடுங்கள். மனிதவளத் துறையில் உங்களைத் தெரிந்தவர் மாறிப்போனால் ஒரு கையெழுத்துக்கு நாய் படாத பாடு படவேண்டும்.

பிறகு பின்னணிச் சரிபார்ப்பு. விமான நிலைய அடையாள அட்டை தருவதற்கு முன் குறைந்தது கடைசி ஐந்து வருட வேலை, படிப்பு, இடைப்பட்ட காலம் எல்லாவற்றையும் பல நாடுகள் சரிபார்க்கும். இடைவெளியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும்: வேறு வேலை பார்த்திருந்தால் சம்பளச் சீட்டு, வீட்டில் இருந்திருந்தால் உறவினரல்லாத ஒருவரின் உறுதிக் கடிதம், வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் காவல்துறைச் சான்று. காவல்துறைச் சான்று சில மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதால் விண்ணப்பிக்கும் முறையை இப்போதே தெரிந்து வையுங்கள், ஆனால் வேலை நெருங்கும்போது வாங்குங்கள்.

6. எந்த வேலை என்று தெரிந்த பிறகுதான் டைப் ரேட்டிங்

இங்கேதான் பெரிய பணம் போகும், இங்கேதான் அவசரப்படுவார்கள்.

வேலை விளம்பரங்களில் ‘செல்லுபடியாகும்’ என்பதும் ‘நடப்பில் உள்ள’ என்பதும் வெவ்வேறு சொற்கள். சிமுலேட்டரில் செக் கொடுத்து டைப் ரேட்டிங்கைப் புதுப்பித்தால் அது செல்லுபடியாகும். ஆனால் ‘கடைசி பன்னிரண்டு மாதத்தில் இத்தனை மணி இந்த டைப்பில்’ என்று கேட்கும் கம்பெனிக்கு நீங்கள் இன்னும் தகுதியில்லாதவர்தான். அந்த மணிகளைச் சிமுலேட்டரில் வாங்க முடியாது. ஆகவே பணம் கட்டும் முன் பத்துப் பதினைந்து விளம்பரங்களை வரிவரியாகப் படியுங்கள். நடப்பில் இல்லாதவர்களை எடுப்பவர்கள், டைப் ரேட்டிங்கே இல்லாதவர்களை எடுத்துப் பயிற்சி தருபவர்கள் யார் யார் என்று தனியாகக் குறியுங்கள். உங்கள் பட்டியல் அதுதான்.

பழைய டைப்பைப் புதுப்பிப்பதா, புதிதாக ஒன்று எடுப்பதா? உங்கள் பழைய டைப் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 என்றால் புதுப்பிக்கலாம், வேலை அதிலேயே அதிகம். கம்பெனிகள் கழித்துக்கட்டிவரும் டைப் என்றால் அதன்மேல் ஒரு காசும் போடாதீர்கள். வேலை உறுதியாகாத நிலையில் என் யோசனை வேறு: உங்கள் விதிகள் இடம் கொடுத்தால் சிறிய இரட்டை எஞ்சின் விமானத்திலோ அதன் பயிற்சிக் கருவியிலோ இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை மட்டும் புதுப்பித்து வையுங்கள். முழு சிமுலேட்டரைவிடச் செலவு மிகக் குறைவு. கையும் கண்ணும் பழகும், விண்ணப்பத்தில் அண்மைத் தேதி ஒன்றும் ஏறும்.

பணம் கட்டினால் நேர்காணல் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடமிருந்து ஓடுங்கள். பணம் கட்டி ஏர்லைனில் சில நூறு மணி பறக்கும் திட்டங்களும் உண்டு. அதை நான் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். மணி முடிந்த அன்று உங்கள் இருக்கைக்கு அடுத்த ஆள் பணத்தோடு நிற்பார். சி.ஆர்.எம் (விமானக் குழுவின் ஒத்துழைப்புப் பயிற்சி), ஆபத்தான சரக்கு, அவசரகால நடைமுறை என்று தனித்தனிச் சான்றிதழ் விற்பவர்களிடமும் வாங்க வேண்டாம். சேரும் கம்பெனி அதையெல்லாம் தன் முறையில் மறுபடி நடத்தும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். பன்னாட்டு வணிக விமானங்களில் ஐகாவோ வரம்பு 65. அறுபதைத் தாண்டியவர்கள் சொந்தப் பணத்தில் முழு டைப் ரேட்டிங் எடுத்தால் அது திரும்பி வருமா என்று பென்சிலால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

7. சிமுலேட்டருக்கு முன் ஆறு வாரப் படிப்பு

இடைவெளியில் உலகம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஓடுபாதை நிலையைச் சொல்லும் உலகளாவிய முறை 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஈரம், பனி எல்லாம் இப்போது 0 முதல் 6 வரையிலான குறியீட்டில் வரும். செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடுபாதையை நெருங்கும் வழியைக் காட்டும் வரைபடங்களில், ஆர்.என்.ஏ.வி என்று பெயரிட்டிருந்த பல இப்போது ஆர்.என்.பி என்ற பெயரில் வருகின்றன. செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்பும் ஜாமிங், ஸ்பூஃபிங் பற்றிய எச்சரிக்கைகள் முன்பு எங்கோ ஒன்று வரும். இப்போது சில வழித்தடங்களில் அன்றாடம். நேர்காணலில் இவற்றிலிருந்து ஒரு கேள்வியாவது வரும்.

ஆனால் நேரத்தைப் பெரும்பாலும் பழையதிலேயே செலவிடுங்கள்: மெமரி ஐட்டங்கள் (அவசரத்தில் தாளைப் பார்க்காமல் செய்ய வேண்டியவை), வரம்புகள், கால்-அவுட்கள் (காக்பிட்டில் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லும் சொற்கள்). காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, கையை நீட்டித் தொட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. வீட்டுக் கணினி சிமுலேட்டர் கண் ஓட்டத்துக்கு உதவும். கைப் பழக்கத்துக்கு அவ்வளவாக உதவாது.

என் முதல் செஷனைச் சொல்கிறேன். டேக்-ஆஃப், வி1 (அதற்குமேல் டேக்-ஆஃபை நிறுத்தக்கூடாத வேகம்) தாண்டியதும் இடது எஞ்சின் போனது. வலது கால் தானாகவே ரடரை மிதித்தது. உடம்பு மறக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். பக்கத்தில் இருந்தவர் ‘பாசிட்டிவ் கிளைம்ப்’ என்றார். நான் ‘கியர் அப்’ சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சக்கரங்கள் தொங்க, விமானம் மூச்சிரைத்துக்கொண்டு ஏறியது. பயிற்றுநர் அப்படியே நிறுத்தி, ‘எதையாவது மறந்தீர்களா?’ என்றார். லீவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. கை கால்களைவிட வாய்தான் முதலில் துருப்பிடிக்கிறது.

8. சிமுலேட்டர் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

பயிற்சி நிறுவனம் சொல்லும் முதல் தொகை முழுத் தொகையாக இருக்காது. எக்ஸாமினர் கட்டணம் சேர்ந்ததா? வழக்கமான நான்கு மணி செஷனில் இருவர், ஆளுக்குப் பாதி. ஜோடி கிடைக்காவிட்டால் பக்கத்து இருக்கையில் ஆள் வைக்கும் செலவு யாருடையது? தேறாவிட்டால் கூடுதல் செஷன் என்ன விலை? தேதி மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள்? சிமுலேட்டர் பழுதானால்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இவற்றோடு ஆணையக் கட்டணம், பயணம், தங்குமிடம், ஒரு கூடுதல் செஷன் ஆகியவற்றையும் உங்கள் பட்ஜெட்டில் போடுங்கள். கூடுதல் செஷன் தேவைப்படாது என்று நினைத்தவன் நான். தேவைப்பட்டது.

சில மையங்களில் நள்ளிரவு நேரம் மலிவு. பயிற்சிக்கு எடுக்கலாம், செக்குக்கு எடுக்காதீர்கள்.

முதல் செஷனிலேயே ஃபிளைட் டைரக்டரை (விமானத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று திரையில் கோடுகளால் காட்டுவது) அணைத்துவிட்டுப் பறக்கக் கேளுங்கள். பச்சைக் கோடுகள் மறைந்ததும் என் கண் வேகத்திலேயே ஒட்டிக்கொண்டது, உயரம் இருநூறு அடி நழுவியது. கம்பெனிகளின் தேர்வுச் சிமுலேட்டரில் பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

செக் முடிந்ததும் படிவத்தில் பெயர், லைசென்ஸ் எண், தேதி, எக்ஸாமினரின் எண் நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். என் படிவத்தில் ஒரு எண் மாறியிருந்தது. திருத்தி வாங்க மூன்று வாரம்.

9. நேர்காணல்

இடைவெளி பற்றிய கேள்விக்கு மூன்று வாக்கியம் போதும். ‘நான்கு வருடம் பறக்கவில்லை. வீட்டில் ஒருவரைப் பராமரிக்க வேண்டியிருந்தது, அது முடிந்துவிட்டது. மெடிக்கலும் ரேட்டிங்கும் செல்லுபடியாகும் நிலையில் உள்ளன, கடைசி செக் இந்தத் தேதியில்.’ அதோடு நிறுத்துங்கள். முதல் நேர்காணலில் நான் பத்து நிமிடம் விளக்கினேன். விளக்க விளக்க எதிரே இருந்தவர்களுக்குச் சந்தேகம்தான் கூடியது. வேலை கிடைக்கவில்லை.

கையெழுத்திடும் முன் பயிற்சி ஒப்பந்தத்தைப் படியுங்கள். விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத் தொகையா? கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் என்ன? இந்த இரண்டாவது கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

10. சேர்ந்த முதல் மாதங்கள்

வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயிற்சி கேப்டனோடு பயணிகள் விமானத்தில் லைன் ட்ரெய்னிங், கடைசியில் லைன் செக். பயிற்சிக் காலத்தில் பல இடங்களில் முழுச் சம்பளம் வராது. பறக்கும் மணிகளுக்கான படித்தொகையும் இருக்காது. நான்கைந்து மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லைன் ட்ரெய்னிங் தள்ளிப்போனால் 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கணக்கு தவறிவிடும், மறுபடி சிமுலேட்டருக்கு அனுப்புவார்கள். அட்டவணை போடுபவர்கள் இதைக் கவனிப்பார்கள் என்று விட்டுவிடாமல் நீங்களே எண்ணிக்கொண்டிருங்கள். எழுபதாவது நாள் தாண்டியும் பறக்கவில்லை என்றால் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள்.